உறங்காத வேலைக்காரன்



சில மாதங்களுக்கு முன், என் மாணவி ஒருத்தியின் தாயார் கைப்பேசியும் கையுமாகப் பள்ளிக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். "சார், வீட்டிலிருந்தே வேலை தர்றாங்களாம். முதல்ல 200 வெள்ளி கட்டணுமாம். நல்ல மனுஷங்க சார், ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டாலும் உடனே பதில் சொல்றாங்க" என்றார்.

"நடுநிசியில் உடனுக்குடன் பதில் சொல்லும் முதலாளியை எங்கேயாவது பார்த்ததுண்டா அம்மா?" என்றேன். இருவரும் சோதித்துப் பார்த்தோம். "சம்பளம் எவ்வளவு?" என்று எழுதினோம். பிறகு, "உங்கள் ஊரில் மழையா?" என்று எழுதினோம். இரண்டுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில்தான் வந்தது! அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இத்தனை நாளா யார்கிட்ட சார் பேசினேன்?" என்று கேட்டார்.

அவர் பேசியது மனிதனோடு அல்ல. 'போட்' எனப்படும் கணினி நிரலோடு. ஒருமுறை கட்டளைகளை எழுதி வைத்துவிட்டால், மனிதர் அருகில் இல்லாமலே இணையத்தில் அது ஓயாது உழைக்கும். 'ரோபோட்' என்பதன் வால்தான் 'போட்'. அந்தச் சொல்லை 1920-இல் தம் நாடகத்தின் வழி உலகுக்குத் தந்தவர் செக் எழுத்தாளர் காரல் சாப்பெக். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. தோட்டத்து மக்களாகிய நமக்கு அதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

ஏமாந்ததற்காக அந்த அம்மா வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவதுதான் அதன் வித்தை. அது உருவானதை அருகிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது பேசியதும், "நீங்கள் சற்று வெளியே போகிறீர்களா?" என்று பேராசிரியரைக் கேட்டாராம்! நம் சொல்லைக் கேட்க ஒரு செவி கிடைத்தால், மனம் இளகுவது இயற்கைதானே.

போட் எல்லாமே தீயவை என்று எண்ணிவிடாதீர்கள். கூகுளில் நாம் தேடியது நொடியில் கிடைப்பது, அதன் போட்கள் முன்கூட்டியே கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து வைப்பதால்தான். விக்கிப்பீடியாவில் யாரேனும் கிறுக்கி வைத்தால், அதை நீக்கவும் போட்கள் உண்டு.

கத்தி காய் நறுக்கும், கையையும் வெட்டும். கச்சேரி நுழைவுச்சீட்டுகளை நொடியில் வாரிச் சுருட்டிக் கள்ள விலைக்கு விற்கவும் போட்கள் உதவின. அதைத் தடுக்க அமெரிக்கா 2016-இல் சட்டமே இயற்றியது. அதே ஆண்டில் 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களைப் பிடித்து அடிமைப்படுத்தியது. அக்டோபர் 21-இல் அவற்றைக் கொண்டு தொடுத்த தாக்குதலால், டுவிட்டர் முதலிய பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. உங்கள் வீட்டில் கேமரா இருந்தால், கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று வரும் போட்கள் மழையைப் பற்றியும் அழகாகப் பேசும். நல்ல தமிழிலும் பேசும். ஆகவே என் பழைய சோதனை இனி எப்போதும் பலிக்காது. எப்படிப் பேசுகிறது என்று பார்க்காதீர்கள். என்ன கேட்கிறது என்று பாருங்கள். வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்பானா? வங்கி உங்கள் இரகசிய எண்ணைக் கேட்குமா? கேட்டால், உடனே நிறுத்துங்கள். பணம் போய்விட்டாலோ, தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அந்த அம்மாவின் 200 வெள்ளி தப்பியது. அதில் மகளுக்குக் காலணியும் பள்ளிப் பையும் வாங்கினார். பணம் கட்டும் முன் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டாரே, அதுதான் அவரைக் காத்தது. நீங்களும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.