ஆய்வகத்தில் வளரும் இறைச்சியும் நம் வீட்டுப் பிள்ளையும்



முடிச்சூரில் உங்கள் இல்லம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூர் கிரசென்ட் பல்கலைக்கழகத்தில் உயிர்த் தொழில்நுட்பம் பயிலும் உங்கள் மகள் ஒரு மாலை வீடு திரும்பி, "அத்தா, ஆய்வகத்தில் இறைச்சி வளர்க்கும் ஒரு புதிய நிறுவனத்தில் ஆய்வுப் பயிற்சிக்கு அழைக்கிறார்கள், போகட்டுமா?" என்று கேட்கிறாள். "அறுக்காத இறைச்சியா? அந்தப் பக்கமே போகாதே!" என்று சொல்லி முடித்துவிடுவீர்களா? சற்றே பொறுங்கள்.

இது கற்பனைக் கதையன்று. 2013 ஆகஸ்டில் நெதர்லாந்து அறிஞர் மார்க் போஸ்ட், மாட்டின் உயிரணுக்களை வளர்த்து உருவாக்கிய பர்கரை லண்டனில் அறிமுகப்படுத்தினார். அந்த ஒன்றுக்கு ஆன செலவு சுமார் இரண்டரை இலட்சம் யூரோ! 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு இத்தகைய கோழியிறைச்சியின் விற்பனைக்கு இசைவளித்தது. நம் நாட்டிலும் 2019இல் ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையமும் மத்திய அரசின் நிதியுதவியுடன் இவ்வாராய்ச்சியில் இறங்கின.

அப்படியானால் இது ஹலாலா? இவ்வினாவை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயிரணு எங்கிருந்து வந்தது? உயிரோடிருக்கும் பிராணியிலிருந்து வெட்டியெடுத்த சதை செத்ததற்குச் சமம் என்பது நாம் அறிந்த மார்க்கச் சட்டம். ஆகவே, பிஸ்மில்லாஹ் கூறி அறுக்கப்பட்ட பிராணியிலிருந்து எடுக்கப்பட்டதா என்று கேட்பது முறையே.

இரண்டாவது, அது எதை உண்டு வளர்ந்தது? உயிரணுக்களை வளர்க்கும் திரவத்தில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருவது, மாட்டின் கருவிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரம். இரத்தம் நமக்கு விலக்கப்பட்டதன்றோ! நல்ல செய்தி என்னவெனில், சீரமில்லாத திரவம் பற்றிய ஆய்வை நெதர்லாந்தின் மோசா மீட் நிறுவனத்தார் 2022இல் வெளியிட்டனர்.

மூன்றாவது, இடையில் எவையெவை கலந்தன? பாத்திரத்தில் ஒட்டிய உயிரணுக்களைப் பிரிக்கப் பயன்படும் டிரிப்சின் என்னும் நொதி, பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவதுண்டு. சதை பற்றி வளரும் சட்டத்திற்கு ஜெலட்டின் பயன்பட்டால், அது எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்றும் கேட்க வேண்டும். இவற்றுக்கும் மாற்றுகள் உண்டு.

மார்க்க அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு, உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியின் உயிரணுவாகவும், சேர்க்கப்படும் பொருட்கள் தூயவையாகவும் இருந்தால் இவ்விறைச்சி ஹலாலாகலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில், கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், ஆய்வகத்தில் மீன் இறைச்சி வளர்க்க ஒரு தனியார் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. மீனுக்கு அறுப்பு தேவையில்லை; ஆகவே அங்கே முதல் வினா எளிதாகிறது. மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

இப்போது சிந்தியுங்கள். எந்தத் திரவம், எந்த நொதி என்பவையெல்லாம் கடைக்கு வரும்போது தீர்மானிக்கப்படுவதில்லை. ஆய்வகத்தில், தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன. திரவம் மாற்றுவதும், நுண்ணோக்கியில் உயிரணுக்களை எண்ணுவதும், ஏட்டில் பதிவு செய்வதும் பயிற்சி மாணவியின் அன்றாட வேலைகள். புட்டியின் மேலொட்டிய சீட்டைப் படிப்பவள் அவளே. "இது எதிலிருந்து எடுக்கப்பட்டது?" என்று கேட்க அங்கே நம் பிள்ளை ஒருத்தி இல்லையென்றால், நமக்காக அதை யார் கேட்பார்? பொருள் சந்தைக்கு வந்தபின் உலமாப் பெருமக்களிடம் ஓடினால், அவர்களுக்கும் விவரம் சொல்ல ஆள் வேண்டுமே!

எனவே, பெற்றோரே, கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். வழிகாட்டுபவர் யார்? எந்தப் பிராணியின் உயிரணுவைக் கையாள வேண்டும்? ருசி பார்க்கும் சோதனையிலிருந்து விலகிக்கொள்ள உரிமையுண்டா? உதவித்தொகையும் சான்றிதழும் எழுத்தில் உறுதியாகுமா? தங்குமிடம் பாதுகாப்பானதா? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்தால், உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடமும் கலந்துகொண்டு, மகளை துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.

நாளை நம் உணவுத்தட்டில் என்ன வரும் என்பதை இன்று யாரோ முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அந்த மேசையில் உங்கள் மகளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்!