கூஜாவும் குழாயும்

ரயில் பிரயாணம் என்றால் நமது குடும்பங்களில் ஒரு காலத்தில் முதலில் தயாராவது கூஜாதான். புளியோதரை மறந்து போனால் வழியில் இட்லி கிடைக்கும். கூஜா மறந்து போனால் வண்டி ஏறிய பிறகும் வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி இராது. திருகு மூடி, தூக்கிச் செல்ல ஒரு பிடி, கூடவே ஒரு டம்ளர். வெறும் ஆசாரத்துக்காகச் சுமந்தார்கள் என்று இப்போது சிலர் சிரிக்கிறார்கள். ஆசாரமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்நாளைய ரயில்வேயின் லட்சணமும் அப்படித்தான் இருந்தது.

1917-ஆம் வருஷம் மகாத்மா காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். இருபத்திரண்டு பேருக்கு என்று எழுதியிருந்த வண்டியில் அதற்கு மேலும் ஜனங்கள் அடைக்கப்பட்டிருந்ததையும், வழி முழுவதும் பெட்டியைப் பெருக்க ஒருவரும் வராததையும், தண்ணீர்த் தொட்டியில் தண்ணீரே இல்லாததையும் பத்திரிகைகளுக்கு எழுதினார். வட இந்திய ஸ்டேஷன்களில் தண்ணீர் கிடைத்தபோதும் அது ‘இந்து பானி’, ‘முஸ்லிம் பானி’ என்று இரண்டாகப் பிரிந்தே கிடைத்தது. ஒரே கிணற்றில் இறைத்த ஜலம் பிளாட்பாரத்துக்கு வந்ததும் மதம் மாறிவிடும்! 1945-ல் செங்கோட்டையில் சிறை வைக்கப்பட்ட இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்குத் தேநீரையும் இப்படியே பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பங்கிட்டுக் குடித்தார்கள்.

இன்று பிளாட்பாரக் குழாய் யாரையும் ஜாதி, மதம் கேட்பதில்லை. பெரிய விஷயந்தான். ஆனால் பிரிவினை வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2003-ல் ‘ரயில் நீர்’ என்ற பாட்டில் தண்ணீர் வந்தது. டில்லிக்கு அருகே நாங்லோயில் முதல் தொழிற்சாலை. பிற்பாடு நமது செங்கற்பட்டுப் பக்கத்துப் பாலூரிலும் ஒன்று. நல்ல தண்ணீர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் காசு உள்ளவர்கள் பாட்டில் வாங்குகிறார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கிக்கொண்டு வருகிறவர்கள் காலிப் பாட்டிலுடன் குழாயை நோக்கி ஓடுகிறார்கள். வண்டி நிற்பதோ சில நிமிஷம். சித்திரை வெயிலில் குழாய் கொதிக்கிறது, அல்லது வெறுமே காற்றை விடுகிறது. முன்பெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போடக்கூடியவர்களும் அந்தக் குழாயடியில்தான் நின்றார்கள். இப்போது அவர்கள் ஜன்னலோரம் அமர்ந்து பாட்டிலைத் திருகித் திறக்கிறார்கள். குழாய் வறண்டது அவர்களுக்குத் தெரிவதற்கே வழியில்லை.

வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாமே என்றால், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து டில்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர்; பல வண்டிகளுக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கோடையில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினைந்து லிட்டருக்குக் குறையாது. பதினைந்து கிலோ சுமை! ஆகவே பாதி வழிக்கு வீட்டுத் தண்ணீர், மீதி வழிக்கு ஸ்டேஷன் தண்ணீர் என்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

வீட்டுத் தண்ணீரை முதல் நாள் இரவே தயாரித்துவிட வேண்டும். தெளிவாயிருப்பதெல்லாம் சுத்தமல்ல. ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் 1884-ல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அந்தக் குளத்து நீரைத்தான் சுற்றியிருந்தவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும், கிருமி சாகாது. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் சாகும். உதகமண்டலம் போல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் தண்ணீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுவதால் அங்கே மூன்று நிமிஷம் வேண்டும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவைப்பது உத்தமம். ஆற்றுகிறேன் என்று வேறு நாலு பாத்திரங்களில் மாற்றினால் காய்ச்சிய பலன் போய்விடும். உப்பும் புளோரைடும் காய்ச்சுவதால் நீங்குவதில்லை என்பதையும் அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

செப்புப் பாத்திரத்தைப் பற்றிப் பாட்டிமார் சொன்னது வீண் பேச்சல்ல. கிருமி கலந்த நீரைச் செம்புக் குடத்தில் பதினாறு மணி நேரம் வைத்தபோது காலரா, சீதபேதிக் கிருமிகள் மடிந்ததாகப் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். பதினாறு மணி என்பதைக் கவனிக்க வேண்டும். புறப்படும் அவசரத்தில் ஊற்றி எடுத்துப் போனால் பயனில்லை. அதில் எலுமிச்சம் பழம் பிழிந்துவிடவும் கூடாது, களிம்பு ஏறும். வண்டிப் பெட்டிக்குள் கை கழுவும் குழாயில் வருவது குடிப்பதற்கல்ல என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பது அவசியம். பாட்டில் வாங்கினால், மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குடித்து முடித்தபின் நசுக்கிப் போடாவிட்டால் அதுவே மறுபடி நிரப்பப்பட்டு நம்மிடமே வந்து சேர்ந்தாலும் சேரும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கென்று தர்மம் எழுதி வைத்த செய்திகள் இருக்கின்றன. அந்தப் பந்தல்களில் எல்லோருக்கும் ஒரே குவளை இருந்தது என்று நாம் பாவனை செய்ய வேண்டாம். ஆனால் வழிப்போக்கனின் தாகம் ஊராரின் பொறுப்பு என்ற எண்ணம் அங்கே இருந்தது. சுதந்திர தேசத்தின் பிளாட்பாரத்தில் அந்த எண்ணமும் வேண்டும், ஒரே குவளையும் வேண்டும்.

நேயர்கள் அடுத்த முறை வண்டி நிற்கும்போது, பாட்டில் கையிலிருந்தாலும், இறங்கி அந்தக் குழாயை ஒரு முறை திறந்து பார்க்கட்டும். தண்ணீர் வராவிட்டால் ரயில்வேயின் 139 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். ஸ்டேஷன் பெயர், பிளாட்பார எண், மணி மூன்றையும் குறித்துக்கொண்டு பேசினால், எந்தக் குழாய் என்று அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்க வேண்டியிராது.