துப்பாக்கிக் குழல்விட்டம்

துப்பாக்கிக் குழல்விட்டம் அல்லது காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உட்புற விட்டத்தை அல்லது அதன் வழியே செல்லும் குண்டின் விட்டத்தைக் குறிக்கும் அளவு ஆகும். இது அங்குலத்தின் பின்னமாகவோ மில்லிமீட்டரிலோ தரப்படுகிறது. நடைமுறையில் இச்சொல் விட்டத்தை மட்டுமன்றி, ஒரு குறிப்பிட்ட தோட்டா வகையையும் குறிக்கிறது.

வேட்டைக்கும் தற்காப்புக்கும் எந்தக் குழல்விட்டம் ஏற்றது என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும். ஆனால் விட்டம் மட்டும் ஒரு தோட்டாவின் வலுவைக் காட்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, .38 ஸ்பெஷல், .375 ஹெச்&ஹெச் மேக்னம் ஆகிய இரண்டின் குண்டுகளும் ஏறத்தாழ ஒரே பருமன் உடையவை. முதலாவது கைத்துப்பாக்கிக்கு உரியது. இரண்டாவது யானை, காட்டெருமை போன்றவற்றை வேட்டையாடப் பயன்படும் ரைபிளுக்கு உரியது. இவற்றின் ஆற்றல் வேறுபாடு ஏறத்தாழ 20 மடங்கு ஆகும்.

தோட்டாவின் அமைப்பு

ஒரு தோட்டா நான்கு பகுதிகளைக் கொண்டது. அவை பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள எரியூட்டி, கூட்டினுள் நிரப்பப்பட்ட வெடிமருந்து, முனையில் பொருத்தப்பட்ட குண்டு என்பனவாகும். விசையை இழுக்கும்போது எரியூட்டி தட்டப்பட்டு வெடிமருந்து எரிகிறது. அதனால் உண்டாகும் வளிமங்களின் அழுத்தம் குண்டைக் குழல் வழியே வெளித்தள்ளுகிறது. குழலின் உட்சுவரில் வெட்டப்பட்டுள்ள சுருள் வடிவப் புரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. பம்பரம் சுழலும்போது நிலையாக நிற்பது போல, சுழலும் குண்டும் முனை மாறாமல் பறக்கிறது.

கூடு பெரிதாக இருந்தால் அதிக வெடிமருந்து கொள்ளும். ஆகவே ஒரே விட்டமுள்ள இரு தோட்டாக்கள் கூட்டின் கொள்ளளவால் பெரிதும் வேறுபடலாம்.

பெயரிடும் முறை

தோட்டாக்களின் பெயர்களில் ஒரே சீரான முறை கிடையாது. ஐரோப்பிய முறையில் 7×57 மி.மீ மவுசர் என்றால், 7 மி.மீ குழல்விட்டமும் 57 மி.மீ நீளமான கூடும் உடைய தோட்டா என்று பொருள். அமெரிக்கப் பெயர்கள் பலவகைப்பட்டவை.

* .30-06 ஸ்பிரிங்பீல்டு: 0.30 அங்குலக் குழல்விட்டம். 1906 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையால் ஏற்கப்பட்டது.
* .30-30 வின்செஸ்டர்: 0.30 அங்குலக் குழல்விட்டம். தொடக்கத்தில் 30 கிரெய்ன் வெடிமருந்து நிரப்பப்பட்டது. கிரெய்ன் என்பது 0.0648 கிராமுக்குச் சமமான ஒரு பழைய நிறை அலகு.
* .38 ஸ்பெஷல்: பெயரில் 38 இருந்தாலும் குண்டின் விட்டம் 0.357 அங்குலமே.
* .44 மேக்னம்: குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம்.

சிதறுகுண்டுத் துப்பாக்கிகளுக்கு வேறொரு முறை பின்பற்றப்படுகிறது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர் எனப்படும். ஆகவே எண் கூடக் குழல் சிறுக்கும். 12 போரின் விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ ஆகும். .410 என்பது மட்டும் இதற்கு விலக்காக அங்குலத்தில் குறிக்கப்படுகிறது.

ஆற்றல்

குழலை விட்டு வெளிவரும் குண்டின் இயக்க ஆற்றல், அதன் நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிக் கிடைப்பதாகும். நிறையை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். பரவலாக அறியப்பட்ட சில தோட்டாக்களின் தோராயமான அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. குழலின் நீளத்தையும் தோட்டாவின் தயாரிப்பையும் பொறுத்து இவை மாறும்.

| தோட்டா | குண்டின் விட்டம் (மி.மீ) | நிறை (கிராம்) | வேகம் (மீ/நொடி) | ஆற்றல் (ஜூல்) |
|---|---|---|---|---|
| .22 லாங் ரைபிள் | 5.7 | 2.6 | 330 | 140 |
| .38 ஸ்பெஷல் | 9.1 | 10.2 | 235 | 280 |
| .45 ஏசிபி | 11.5 | 14.9 | 255 | 480 |
| 9×19 மி.மீ பாராபெல்லம் | 9.0 | 8.0 | 350 | 490 |
| .357 மேக்னம் | 9.1 | 10.2 | 375 | 720 |
| .44 மேக்னம் | 10.9 | 15.6 | 360 | 1010 |
| .223 ரெமிங்டன் | 5.7 | 3.6 | 990 | 1760 |
| .30-30 வின்செஸ்டர் | 7.8 | 11.0 | 670 | 2470 |
| .243 வின்செஸ்டர் | 6.2 | 6.5 | 900 | 2630 |
| .308 வின்செஸ்டர் | 7.8 | 9.7 | 860 | 3590 |
| .30-06 ஸ்பிரிங்பீல்டு | 7.8 | 11.7 | 820 | 3930 |
| .375 ஹெச்&ஹெச் மேக்னம் | 9.5 | 19.4 | 770 | 5750 |

இந்த அட்டவணையிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவதாக, .22 லாங் ரைபிளும் .223 ரெமிங்டனும் ஒரே விட்டம் உடையவை. ஆயினும் இரண்டாவது, முதலாவதைப் போல் 12 மடங்குக்கும் மேலான ஆற்றல் உடையது. இரண்டாவதாக, கைத்துப்பாக்கிகளில் மிக வலுவானவற்றுள் ஒன்றாகப் பெயர்பெற்ற .44 மேக்னம்கூட, மான் வேட்டைக்கான ஒரு சாதாரண ரைபிளின் ஆற்றலில் பாதியை எட்டுவதில்லை.

ஆற்றல் கூடும்போது பின்னுதைப்பும் கூடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டும் வளிமங்களும் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது.

வேட்டை

வேட்டையில் தோட்டாவைத் தெரிவு செய்வதன் முதன்மையான நோக்கம் விலங்கு நெடுநேரம் துன்புறாமல் விரைவில் இறப்பதாகும். இதற்குக் குண்டு இதயத்தையோ நுரையீரலையோ சென்றடைய வேண்டும். வலுக் குறைந்த குண்டு பட்ட விலங்கு, காயத்துடன் ஓடி மறைந்து பல நாட்கள் துன்புற்று இறக்க நேரிடும். காயம்பட்ட புலி, சிறுத்தை போன்றவை மனிதருக்கும் ஆபத்தானவை.

இதனால் பல நாடுகள் குறைந்தபட்ச அளவுகளைச் சட்டத்திலேயே வகுத்துள்ளன. இங்கிலாந்திலும் வேல்சிலும் மான்கள் சட்டம், 1991 இன்படி, பெரிய வகை மான்களைச் சுடும் ரைபிள் 0.240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமும், 1700 அடி-பவுண்டு (ஏறத்தாழ 2305 ஜூல்) ஆற்றலும் கொண்டிருக்க வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375 என்பதே குறைந்தபட்ச அளவாகக் கொள்ளப்படுகிறது.

பொதுவாக முயல், அணில் போன்ற சிறு விலங்குகளுக்கு .22 லாங் ரைபிளும், நரி போன்றவற்றுக்கு .223 ரெமிங்டனும், மான்களுக்கு .243 முதல் .308 வரையிலானவையும், எல்க் போன்ற பெரிய மான்களுக்கு .30-06 அல்லது அதனினும் வலியவையும் பயன்படுத்தப்படுகின்றன.

குண்டின் அமைப்பும் விட்டத்தைப் போலவே முக்கியமானது. மான் வேட்டையில், உடலினுள் புகுந்ததும் முனை விரியும் குண்டுகள் விரும்பப்படுகின்றன. இவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899 ஆம் ஆண்டின் ஹேக் சாற்றுரை தடை செய்தது. வேட்டையிலோ விலங்கு விரைவில் இறப்பதற்காக இவற்றையே பல சட்டங்கள் கட்டாயமாக்குகின்றன. மாறாக, யானையின் தடித்த மண்டையோட்டைத் துளைக்க விரியாத திண்மக் குண்டுகள் தேவைப்படுகின்றன.

ஈயக் குண்டின் சிதறல்கள் விலங்கின் உடலில் தங்கிவிடுகின்றன. அவ்வுடலைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகள் ஈய நஞ்சால் இறக்கின்றன. கலிபோர்னியாக் காண்டோர் என்னும் அரிய கழுகினம் இவ்வாறு பெரிதும் பாதிக்கப்பட்டது. கலிபோர்னிய மாநிலத்தில் 2019 சூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாக்கள் முற்றிலும் தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாகச் செப்புக் குண்டுகள் பயன்படுகின்றன.

பெரிய விட்டமும் சிறிய விட்டமும்

பெரிய தோட்டாவே சிறந்தது என்னும் கருத்துக்கு எதிராக அடிக்கடி காட்டப்படுபவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல். இவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றுள் பெரும்பாலானவை 7×57 மி.மீ என்னும் சிறிய தோட்டாவால் சுடப்பட்டவை. யானையின் மண்டையோட்டின் உள்ளமைப்பை ஆராய்ந்து, மூளையைத் துல்லியமாகக் குறிவைத்ததே இதற்குக் காரணமாகும். அதே தோட்டாவைப் பயன்படுத்தும் .275 ரிக்பி ரைபிள் ஒன்று, 1907 ஆம் ஆண்டில் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்டது. தமிழ்நாடு, கருநாடகக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன், கனமான குண்டுடைய .405 வின்செஸ்டர் ரைபிளைப் பயன்படுத்தினார்.

ஆயினும் பெல்லின் எடுத்துக்காட்டை எல்லாருக்கும் பொதுவாக்க இயலாது. குறி சற்றே பிசகினாலும் சிறிய குண்டு விலங்கைக் காயப்படுத்துவதோடு நின்றுவிடும். அதேபோல், பின்னுதைப்புக்கு அஞ்சி விசையை இழுக்கும்போது உடலைக் குறுக்குபவர் பெரிய துப்பாக்கியாலும் குறி தவறுவார். எனவே சுடுபவர் தவறாமல் குறிபார்க்க வல்ல தோட்டாக்களுள், விலங்குக்குப் போதிய வலுவுடையதைத் தெரிவு செய்வதே ஏற்கப்பட்ட நெறியாக உள்ளது.

தற்காப்பு

கைத்துப்பாக்கிகள் வலுக் குறைந்தவையாயினும், எளிதில் எடுத்துச் செல்லத்தக்கவை என்பதால் தற்காப்புக்குப் பயன்படுகின்றன. இவற்றின் குண்டுகள் பெரும்பாலும் தாம் துளைத்துச் செல்லும் பாதையில் உள்ள திசுக்களையே சேதப்படுத்துகின்றன. அதிவேக ரைபிள் குண்டுகளோ பாதையைச் சுற்றியுள்ள திசுக்களையும் கிழிக்கின்றன. கைத்துப்பாக்கிக் குண்டு பட்ட மனிதர் திரைப்படங்களில் காட்டப்படுவது போலப் பின்னோக்கித் தூக்கி எறியப்படுவதில்லை. அவ்வளவு உந்தம் குண்டுக்கு இருந்தால், அதே உந்தம் சுட்டவரையும் தள்ளியிருக்கும்.

எதிராளியைத் தடுத்து நிறுத்தும் வலு பற்றிய விவாதம் பிலிப்பைன்சில் தொடங்கியது. அங்கு நடந்த போரில் .38 லாங் கோல்ட் கைத்துப்பாக்கிகள் போதிய பயன் தரவில்லை என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். 1904 ஆம் ஆண்டில் தாம்சன், லகார்ட் ஆகியோர் நடத்திய சோதனைகளையடுத்து .45 விட்டம் பரிந்துரைக்கப்பட்டது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 ஏசிபி தோட்டா 1911 இல் அமெரிக்கப் படையால் ஏற்கப்பட்டது. 1985 இல் அப்படை 9 மி.மீ-க்கு மாறியது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ-யின் முகவர் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். சண்டையின் தொடக்கத்தில் குற்றவாளி ஒருவன் மேல் பாய்ந்த 9 மி.மீ குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டதும், அதன் பின்னரும் அவன் தொடர்ந்து சுட்டதும் பின்னர் தெரியவந்தன. இதையடுத்து எஃப்.பி.ஐ ஜெலட்டின் கட்டிகளில் குண்டுகளைச் சுட்டுச் சோதிக்கும் முறையை வகுத்தது. அதன்படி குண்டு 12 முதல் 18 அங்குலம் (30 முதல் 46 செ.மீ) வரை ஊடுருவ வேண்டும். அவ்வமைப்பு முதலில் 10 மி.மீ தோட்டாவுக்கும், பின்னர் பின்னுதைப்புக் குறைந்த .40 எஸ்&டபிள்யூ தோட்டாவுக்கும் மாறியது. குண்டு வடிவமைப்பு மேம்பட்டதால் விட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு சிறுத்துவிட்டது என்று 2014 இல் அதன் பயிற்சிப் பிரிவு கருதியது. அதன்பின் எஃப்.பி.ஐ மீண்டும் 9 மி.மீ-க்கே திரும்பியது.

மிகுதியான ஊடுருவலும் ஆபத்தானது. இலக்கைத் துளைத்தோ தவறியோ செல்லும் குண்டு, மெல்லிய சுவரைக் கடந்து அடுத்த அறையில் இருப்பவரைக் கொல்லக்கூடும். மேலும், துப்பாக்கி உள்ள வீடுகளில் தற்கொலைச் சாவுகள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. இந்த இடர் எந்தக் குழல்விட்டத்துக்கும் பொதுவானது. ஆகவே துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பூட்டி வைப்பதும், தோட்டாக்களைத் தனியே பூட்டி வைப்பதும் வலியுறுத்தப்படுகின்றன.

கரடிகள் மிகுந்த அலாஸ்கா போன்ற பகுதிகளில் .44 மேக்னம் போன்ற கைத்துப்பாக்கிகளைச் சிலர் எடுத்துச் செல்கின்றனர். எனினும், அலாஸ்கா நிகழ்வுகளைப் பற்றி 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், மிளகாய்ச் சாறு கலந்த தெளிப்பான் பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை 92 விழுக்காடு நிகழ்வுகளில் நிறுத்தியது கண்டறியப்பட்டது.

பொருந்தாத தோட்டாவின் ஆபத்து

பெயர் அல்லது விட்டம் ஒத்திருப்பதால் தவறான தோட்டாவை இடுவது உயிருக்கு ஆபத்தாகலாம். .38 ஸ்பெஷல் தோட்டாவை .357 மேக்னம் ரிவால்வரில் சுடலாம். ஆனால் .357 தோட்டாவின் அழுத்தத்தை .38 துப்பாக்கிகள் தாங்கா. எனவேதான் .357 கூடு ஏறத்தாழ 3 மி.மீ நீளமாக, .38 துப்பாக்கியில் நுழையாதவாறு அமைக்கப்பட்டது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியின் அறையில் நுழைந்துவிடக்கூடும். அவ்வாறு சுட்டால் பெரிய குண்டு சிறிய குழலில் அடைபட்டுத் துப்பாக்கியே வெடித்துவிடும். குழலில் பொறிக்கப்பட்ட பெயரும் தோட்டாவின் அடியில் பொறிக்கப்பட்ட பெயரும் ஒன்றாக இருப்பதைச் சரிபார்ப்பது அடிப்படை விதியாகும்.

இந்தியாவில்

குழல்விட்டத்தைத் தீர்மானிப்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்தது. படைத் துப்பாக்கிகளுக்குப் பயன்படக்கூடிய தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போகக்கூடாது என்பதே காரணமாகும். அத்தடைக்கு மாற்றாக .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்றவை உருவாயின.

விடுதலைக்குப் பின்னரும் படைக்கலச் சட்டம், 1959 இன் கீழ் .303, 9 மி.மீ போன்ற படைத்துறை விட்டங்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகையில் வைக்கப்பட்டன. உரிமம் பெற்றோரிடம் .32 ரிவால்வர், .315 ரைபிள், 12 போர் சிதறுகுண்டுத் துப்பாக்கி ஆகியன மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணமாகும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டையைப் பெரும்பாலும் தடை செய்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைச் சுடுவதற்கும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஆணை தேவை.

இவற்றையும் பார்க்க

* துப்பாக்கி
* தோட்டா
* இயக்க ஆற்றல்
* ஜிம் கார்பெட்