வண்டைக் கொல்லும் பச்சைப் பூசணம்

கேரளத்தில் பல குடும்பங்களுக்குத் தென்னைதான் சோறு போடுகிறது. அந்தத் தென்னைக்கு ஓர் எதிரி உண்டு. அதுதான் காண்டாமிருக வண்டு. அது குருத்தைக் குடைந்து தின்னும். பிறகு விரியும் ஓலை, கத்தரியால் வெட்டியது போல இருக்கும். இளங்கன்று பட்டே போகும்.

வண்டு தாக்குவது மரத்தை. அது பிறப்பது எங்கே? எருக்குழியில்! அங்கேதான் முட்டை இடுகிறது. புழுக்கள் எருவைத் தின்று வளர்கின்றன.

இந்தப் புழுவைக் கொல்ல ஒரு பூசணம் இருக்கிறது. அதன் பெயர் மெட்டாரைசியம். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவை புழுவின் தோலில் ஒட்டும். முளைத்து, தோலைத் துளைத்து, உள்ளே பரவும். புழு செத்து விறைத்துவிடும். அதன்மேல் பச்சைத் தூள் படியும். அந்தத் தூள் முழுவதும் வித்துகள்தான். அவை மற்ற புழுக்களையும் கொல்லும்.

இந்தப் பூசணத்தை வேகவைத்த அரிசியில் வளர்க்கலாம். காயங்குளத்தில் உள்ள மத்திய அரசின் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், இதைப் பெண்கள் குழுக்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

வளர்ந்த பூசணத்தைத் தண்ணீரில் கரைத்து எருக்குழியில் ஊற்ற வேண்டும். குழியில் ஈரம் இருக்க வேண்டும். கடும் வெயில் படக் கூடாது.

ஒரு வீட்டார் மட்டும் ஊற்றினால் போதாது. பக்கத்து வீட்டுக் குழியில் பிறந்த வண்டு பறந்து வந்துவிடும். ஊர் கூடிச் செய்தால்தான் தென்னை பிழைக்கும்.