வியர்க்காத பாதம்

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகத்தில் எண்ணெய் வழியும், தலையில் பிசுக்குப் பிடிக்கும். குதிகாலில் எண்ணெய் வழிந்ததாக யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம். பாதத்தின் அடித்தோல் காயாமல், நெகிழ்வு குறையாமல் இருக்க உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு வியர்வை ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, வியர்வைச் சுரப்பிகள் அங்கே மிக நெருக்கமாக இருக்கின்றன. சர்க்கரை நோய் கை வைப்பது இந்த ஒற்றை ஏற்பாட்டில்.

‘சுகர் வந்தால் தோல் வறண்டுபோகும்’ என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். உடம்பில் தண்ணீர் குறைவதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் தவறில்லை. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடியாது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உலர்ந்த உதடு, சொரசொரத்த தோல் எல்லாம் இதன் வரிசையில் வருபவை. ஆனால் இந்த வறட்சி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பெரும்பாலும் குறைந்துவிடும். பாதத்தின் வறட்சி அவ்வளவு சுலபத்தில் போகாது. அதற்குக் காரணம் நரம்பு.

வியர்வைச் சுரப்பி தானாகச் சுரப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் மிக மெல்லிய நரம்பிழை வந்து கட்டளை சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏறியே இருக்கும் சர்க்கரை, இந்த இழைகளையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. முதலில் அடி வாங்குவது நீளமான நரம்புகள். உடம்பிலேயே நீளமானவை கால் விரல் நுனிவரை போகிறவை. மதமதப்பும் எரிச்சலும் விரல்களில் தொடங்கி மெல்ல முழங்காலை நோக்கி ஏறுவது அதனால்தான். வியர்வையும் அதே வரிசையில் நின்றுபோகிறது. கால் வியர்க்காத குறையை உடம்பின் மேற்பாதி ஈடுகட்டப் பார்க்கும். சிலருக்குச் சாப்பிட உட்கார்ந்ததும், காரமே இல்லாத சாப்பாட்டுக்கும், நெற்றியும் பிடரியும் நனைந்துவிடும். ஃபேனைக் கூட்டி வைப்பதோடு அதை மறந்துவிடுகிறோம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர் என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி அது.

பாதம் வியர்க்கிறதா என்று பார்க்க ஒரு பட்டையே இருக்கிறது. நீல நிறத்தில் இருக்கும். உள்ளங்காலில் ஒட்டிப் பத்து நிமிடம் விட்டால், ஈரம் பட்ட இடம் இளஞ்சிவப்பாக மாறும். நரம்பு கெட்ட காலில் நீலம் நீலமாகவே நிற்கும், அல்லது அங்கங்கே மட்டும் மாறும்.

இப்படி வியர்க்காமல் காய்ந்த குதிகாலில் வெடிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். நிற்கும்போது உடம்பின் எடை குதிகாலின் கொழுப்பு மெத்தையை அழுத்துகிறது. அது பக்கவாட்டில் பிதுங்குகிறது. ஈரமுள்ள தோல் கூடவே விரிந்து கொடுக்கும். காய்ந்து, மஞ்சளாகத் தடித்துப்போன விளிம்பு விரியாது. பழைய டயரின் விளிம்பைப் போல வெடிக்கும். போதாததற்கு, மிகுதியான சர்க்கரை தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கவும் வைக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பும், வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நெடுநேரம் நிற்பதும் இதை இன்னும் மோசமாக்கும்.

பித்தவெடிப்பு யாருக்குத்தான் இல்லை என்று கேட்கலாம். மற்றவர்களுக்கு வெடிப்பு ஆழமாகும்போது வலிக்கும். நொண்டி நடப்பார்கள், ஏதாவது தடவுவார்கள். உணர்ச்சி குறைந்த காலில் வலி இல்லை. வெடிப்பு தசைவரை இறங்கி, மண்ணும் கிருமியும் உள்ளே போன பிறகும் நோயாளி நடந்துகொண்டே இருப்பார். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாக வேலை செய்யும். ரத்தக்குழாயும் சுருங்கியிருந்தால் புண் ஆறுவது இன்னும் தாமதம். விரலையோ பாதத்தையோ எடுக்க நேரும் கதைகளில் சில இப்படிப்பட்ட வெடிப்பில்தான் தொடங்குகின்றன. பித்தவெடிப்பை அழகுக் குறிப்புப் பக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

வலி இல்லாமையே கால்களை அழிக்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கைகால்களில் தெரியாமலே படும் காயங்களால்தான் தேய்ந்துபோகின்றன என்று எடுத்துக்காட்டினார். பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன அவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்தினார். இன்று நம்மூர் மருத்துவர்கள் எழுதித்தரும் எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர் செருப்புக்கும் தொழுநோய்ப் பணியோடு பழைய உறவு உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நோய்களுக்கும் வழி பிரிகிறது. தொழுநோயில் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுரண்டி, எண்ணெய் பூசச் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் காலை ஊறவைக்க வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. நெடுநேரம் ஊறினால் விரலிடுக்குத் தோல் வெளுத்து நைந்து, சேற்றுப்புண்ணுக்கு இடம் கொடுக்கும். வெந்நீர் என்றால் சூடு தெரியாமலே கொப்புளித்துவிடும். குளிக்கும் தண்ணீரையும் பாதத்தால் சோதிக்காதீர்கள், முழங்கையால் பாருங்கள்.

குளித்துத் துவட்டிய உடனே, தோலில் ஈரம் முழுக்கக் காயுமுன் எண்ணெயோ க்ரீமோ பூச வேண்டும். தேங்காயெண்ணெயும் வாசலினும் தோலுக்குள் தண்ணீரைக் கொண்டுபோவதில்லை, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடுகின்றன. வறண்ட காலில் மாலையில் தடவிவிட்டு ‘எண்ணெய் போட்டும் கேட்கவில்லை’ என்பவர்கள் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். குதிகால் தடித்திருந்தால் யூரியா கலந்த க்ரீம் கைகொடுக்கும். உரமூட்டையில் இருக்கிற அதே யூரியாதான். நம் தோலிலும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. 10 விழுக்காடு அளவில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்; 20, 25 விழுக்காட்டில் தடித்த தோலை இளக்கும். திறந்த வெடிப்பில் பூசினால் எரியும், பூசவும் கூடாது. க்ரீம் குழாயில் ‘டயபெட்டிக்’ என்று அச்சிட்டு விலையைக் கூட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்பக்கம் யூரியாவோ கிளிசரினோ இருக்கிறதா என்று படித்தால் போதும்.

விரலிடுக்கில் எதையும் பூசாதீர்கள். அங்கே வறட்சி பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. துணியால் ஒற்றி உலரவிடுங்கள். எண்ணெய் பூசிய காலோடு டைல்ஸ் தரையில் நடந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் லாபமில்லை; இறுக்கமில்லாத பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் நடக்கும் சில வைத்தியங்களைச் சர்க்கரை நோய்க்காரர்கள் விட்டுவிட வேண்டும். மெழுகை உருக்கி எண்ணெயோடு வெடிப்பில் ஊற்றுவது, துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பது, பிளேடால் சீவுவது, கால் ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவது எல்லாம் உணர்ச்சியுள்ள காலுக்கே ஆபத்து. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதும் அப்படியே. காலையிலோ மாலையிலோ போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

பாதத்தோடு முடிந்துவிடும் விஷயமும் இல்லை. முழங்காலுக்குக் கீழே தோல் செதிலாகி அரிப்பது சர்க்கரைக்காரர்களிடம் சகஜம். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, சாதாரணச் சோப்பு காரம். மிதமான சோப்புக்கு மாறினாலே சிலருக்கு அரிப்பு பாதி அடங்கும். உடம்பு முழுக்க வறண்டு அரித்தால் கிரியாட்டினினையும் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரக நோயும் தைராய்டு குறைவும் அதே முகத்தோடுதான் வரும்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அவ்வளவு கூட்டத்தில் மருத்துவர் ஒவ்வொருவரின் காலையும் தாமாகக் கேட்டுப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தினமும் ஒருமுறை கண்ணாடியை வைத்து உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அடுத்த முறை டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டும்போது, அவர் கேட்காவிட்டாலும், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால், சிவந்தால், வீங்கினால், நாற்றம் வந்தால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.