மேய்ச்சல் மாடுகளுக்குச் சிக்கனமான துணைத் தீவனம்

மந்தாரக்குப்பத்தைச் சூழ்ந்த செம்மண் பூமியில், மேய்ச்சலை மட்டும் நம்பி மாடு வளர்ப்போருக்கு ஆண்டு முழுவதும் ஒரே விதமான பலன் கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல் தை, மாசியில் முற்றிக் காய்ந்துவிடுகிறது. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்ட பின், சுரங்கங்கள் விரியவே மேய்ச்சல் வெளியும் சுருங்கிற்று. பங்குனி முதல் ஆனி வரையில் மாடுகள் நெடுந்தூரம் அலைந்து மேய்ந்தும் உடல் தேறுவதில்லை. கறவை வற்றுகிறது, பசுக்கள் உரிய காலத்தில் சினைக்கு வருவதில்லை. ஓர் ஈற்றுத் தவறினால் உண்டாகும் நஷ்டம், கோடை முழுவதற்குமான துணைத் தீவனச் செலவிலும் பெரிதாகும்.

குறையின் காரணம்

மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்திற்குக் குறைந்தால் அவை பெருகமாட்டா. செரிமானம் தாமதப்பட்டு மாடு உண்ணும் அளவும் குறையும். நெல் வைக்கோலில் உள்ள புரதமோ 3 அல்லது 4 சதவீதமே. ஆதலால், புண்ணாக்கை மிகுதியாக வாங்கிக் கொட்டுவது சிக்கனமன்று. குறைந்ததை மட்டும் ஈடுசெய்வதே சிக்கனம்.

ஊரிலேயே கிடைப்பவை

நிலக்கடலைக் கொடியை இலை உதிராதபடி உலர்த்திப் போர் வைத்துக்கொண்டால், அது வைக்கோலைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட புரதமுள்ள தீவனமாகும். அகத்தி, கிளிரிசிடியா, சவுண்டல் முதலிய தழைகள் புண்ணாக்குச் செலவைக் குறைக்கும். சவுண்டல் மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. சீமைக் கருவேல் நெற்றைப் பொடித்தே கொடுத்தல் வேண்டும்; முழு நெற்றைத் தின்றால் விதை சாணத்தோடு வெளிப்பட்டு நிலமெங்கும் முளைக்கும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு நஞ்சாதலால் அதை விலக்குக.

வைக்கோலைப் பதப்படுத்தல்

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி பாலிதீன் விரிப்பால் 21 நாள் மூடிவைத்தல் வேண்டும். 45 கிலோ மூட்டை ஒன்று 11 குவிண்டால் வைக்கோலுக்குக் காணும். இவ்வாறு பதமாகிய வைக்கோலில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதமாக உயர்கிறது. நாளொன்றுக்கு 5 கிலோ உண்ணும் மாட்டிற்கு இவ்வுயர்வு, கணக்களவில், அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கின் புரதத்திற்குச் சமமாகும்.

வேண்டிய அளவை எடுத்துச் சில மணி நேரம் காற்றாடவிட்டு, காரநெடி தணிந்தபின் கொடுக்கவேண்டும். முதலில் சிறிதளவாகத் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவிற்கு வரலாம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலைக் குடித்த மாடு சிறிது நேரத்தில் மடியக்கூடும். எனவே மிஞ்சிய கரைசலையும் மூட்டையையும் மாடு எட்டாத இடத்தில் வைத்தல் இன்றியமையாதது. வயிறு உப்பி உடல் நடுங்கினால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்.

எந்த மாட்டிற்கு முதலில்?

விலைகொடுத்து வாங்கும் தீவனத்தை எல்லா மாடுகளுக்கும் சமமாகப் பங்கிடுதல் வீண். ஈனுவதற்கு இரண்டு மாதம் உள்ள சினைப்பசு, கறவைப் பசு, உழைக்கும் எருது ஆகியவற்றிற்கே அதில் முன்னுரிமை. கறவைக்கு, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பது பொதுக் கணக்கு. வறட்டு மாடுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோலும் தழையும் போதும். தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை கொடுத்துவந்தால் சினை தங்குவதற்குத் துணையாகும்.

கிராம அதிகாரிகளுக்கு

மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பிற்கு உள்ளாகாமற் காத்தலும், மழைக்கு முன் பொது நிலங்களில் தீவன மரங்களை நட ஏற்பாடு செய்தலும் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் செய்யத்தக்கன. அறுவடை முடிந்ததும் ஊரார் கண்முன் ஒரு போர் வைக்கோலைப் பதப்படுத்திக் காட்டச் செய்தால், அடுத்த கோடைக்குள் பலர் அதனைக் கைக்கொள்வர்.