காளஹஸ்தி செல்லும் முன் எந்த நூலைப் படிக்கலாம்? ராகு-கேது பரிகாரத்துக்கு அப்பால் விரியும் நூல் வரிசை

பக்தி, வரலாறு, மொழி எல்லை, துணி ஓவியம் என வெவ்வேறு துறைகளில் திருக்காளத்தியைப் பேசும் நூல்கள் எவை, அவற்றை எங்கிருந்து தொடங்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நூலைப் பரிந்துரைப்பது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால், தமிழ் இலக்கியத்தின் போக்கையே மாற்றிய பரிந்துரைகள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் அநபாயன், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைச் சுவைத்துக் கொண்டிருந்தான். அவனுடைய அமைச்சர் சேக்கிழார் அதை விடுத்துச் சிவனடியார்களின் வரலாற்றைக் கேட்குமாறு எடுத்துரைத்தார். மன்னன் கேட்க விரும்பியபோது விரிவான நூல் இல்லை. எனவே, சேக்கிழாரே அதைப் பாட நேர்ந்தது. சேக்கிழார் புராணம் கூறும் மரபுச் செய்தி இது. அவ்வாறு பிறந்ததுதான் பெரியபுராணம்.

இதற்கு நேர் எதிரான பரிந்துரை 1880-இல் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் கற்றுத் தேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையரிடம், அங்கு முன்சீபாகப் பணியாற்றிய சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி சைவரான உ.வே.சா.வைச் சமணக் காப்பியத்தின் பதிப்பாசிரியராக்கியது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஒரு வாசகர் விலக்கிய நூலை மற்றொரு வாசகர் மீட்டுக் கொடுத்தார். இருவரின் பரிந்துரையாலும் தமிழுக்கு ஆதாயமே.

இந்த முன்கதைக்கும் காளஹஸ்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெரியபுராணத்தில் பலரும் மறவாத கண்ணப்பரின் வரலாறு நிறைவெய்துவது இத்தலத்தில்தான்.

ஒரு மணி நேர ஊர்: திருப்பதியிலிருந்து சுமார் 36 கி.மீ. தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ளது காளஹஸ்தி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்நகரம், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. பஞ்சபூதத் தலங்களில் வாயுத்தலமான இக்கோயிலுக்குத் தமிழகத்திலிருந்து செல்வோரில் பலர், திருமலை தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் ராகு-கேது பூஜை செய்துவிட்டு ஒரு மணி நேரத்தில் புறப்பட்டு விடுகின்றனர். அவர்களது நம்பிக்கையைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், தேவாரம் பாடிய மூவர் கண்ட காளத்தி வேறொன்று. அதைக் காண நூல்களின் துணை தேவை.

கண்ணப்பர் கதையை எங்கே படிப்பது?: 1954, 1976 எனத் திரைப்படங்கள் வழியே பலமுறை சொல்லப்பட்ட இக்கதை, 2025-இல் வெளியான 'கண்ணப்பா' படத்தால் மீண்டும் பேசப்பட்டது. படம் பார்த்தவர்கள் மூலத்தைத் தேடினால் முதலில் பரிந்துரைக்க வேண்டியது பெரியபுராணமே. 4,200-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூலைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. இலைமலிந்த சருக்கத்தில் உள்ள கண்ணப்ப நாயனார் புராணத்தை மட்டும் தனியே எடுத்துப் படிக்கலாம். சுமார் 180 பாடல்கள்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகப் பிறந்த திண்ணன், வேட்டைக்குச் சென்ற இடத்தில் காளத்தி மலையைக் காண்கிறான். வாயில் கொணர்ந்த நீர், தலையில் செருகி வந்த பூ, சுவைத்துப் பார்த்துத் தேர்ந்த இறைச்சி ஆகியவற்றால் அவன் செய்யும் வழிபாடு, ஆகமப்படி பூசை செய்யும் சிவகோசரியாருக்குப் பேரதிர்ச்சியாகிறது. ஆறாம் நாளில் இறைவனின் கண்ணில் குருதி பெருகுவதும், திண்ணன் தன் கண்ணை அப்புவதும் அனைவரும் அறிந்தவை.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. சேக்கிழார் சிவகோசரியாரைக் கெட்டவராகக் காட்டவில்லை. சன்னிதியில் எலும்பும் இறைச்சியும் கிடப்பதைக் கண்டு அவர் அழுவதும் உண்மையான அன்பினால்தான். விதிப்படி வழிபடும் அன்புக்கும் விதியறியா அன்புக்கும் இடையில் நிகழும் மோதலாக ஆசிரியர் கதையை நடத்துகிறார். திரைப்படங்கள் எளிதில் தவறவிடும் நுட்பம் இதுவே. மூலத்தைப் படியுங்கள் என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.

செய்யுள் கடினமாக இருப்பின் ஆறுமுக நாவலர் 1852-இல் வெளியிட்ட பெரியபுராண வசனம் கைகொடுக்கும். அதன் உரைநடை இன்றைய வாசகருக்குச் சற்றுப் பழையதாகத் தோன்றலாம். இரண்டு பக்கங்களில் பழகிவிடும். ஆழ்ந்து கற்க விரும்புவோருக்குக் கோவையைச் சேர்ந்த வழக்கறிஞர் சி.கே.சுப்பிரமணிய முதலியார் ஏழு தொகுதிகளாக எழுதிய உரை இருக்கிறது. சேக்கிழாருக்கும் முன்பே நக்கீரதேவர், கல்லாடதேவர் ஆகிய இருவரும் தனித்தனியே பாடிய 'திருக்கண்ணப்ப தேவர் திருமறம்' பதினோராம் திருமுறையில் உள்ளது. இரண்டும் அளவில் சிறியவை. ஒரே கதை மூவரின் கையில் எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

தேவாரத்தில் காளத்திக்கு நான்கு பதிகங்கள் உள்ளன: சம்பந்தர் இரண்டு, அப்பர் ஒன்று, சுந்தரர் ஒன்று. சம்பந்தர் இத்தலத்திலிருந்தபடியே கயிலை, கேதாரம் முதலிய வடநாட்டுத் தலங்களைப் பாடியதாகச் சேக்கிழார் கூறுகிறார். தமிழ்ப் பாடல் பெற்ற தலங்களின் வரைபடத்தில் காளத்தி ஒரு வாசற்படி போல விளங்கியதை இச்செய்தி காட்டுகிறது.

தெலுங்கில் ஒரு நக்கீரர்: தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் அறியாத பகுதி இது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் அவையை அலங்கரித்த எட்டுப் புலவர்களுள் ஒருவராக மரபில் போற்றப்படும் தூர்ஜடி, 'ஸ்ரீ காளஹஸ்தீஸ்வர மாகாத்மியம்' என்ற காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் வழிபட்ட தலக்கதையும் திண்ணனின் கதையும் அதில் உண்டு. இவற்றுடன் மதுரைச் சங்கப் புலவர் நக்கீரரின் கதையும் இடம்பெறுகிறது. இறைவனின் பாட்டிலேயே குற்றம் கண்டவர், கயிலையைக் கண்டால்தான் நோய் தீரும் எனப் புறப்பட்டு, தென்கயிலையாகிய காளத்தியில் அருள் பெற்றார் என்பது அக்கதை.

அரசர் கிருஷ்ணதேவராயர் தமிழகத்து ஆண்டாளைத் தலைவியாக்கி 'ஆமுக்த மால்யதா' எழுதினார். தூர்ஜடி தமிழ்ப் புலவரைத் தம் காவியத்துக்குள் அழைத்து வந்தார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது அக்காலத்தில் மொழிகளுக்கு இடையே வேலி எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது புரியும். இதே நக்கீரர் கதையைத் தமிழில் படிக்க விரும்புவோர், கருணைப்பிரகாசர், துறைமங்கலம் சிவப்பிரகாசர், வேலையர் ஆகிய மூன்று உடன்பிறந்தார் பாடிய 'சீகாளத்திப் புராணத்தை' நாடலாம். பதினோராம் திருமுறையில் 'கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி' பாடிய நக்கீரதேவ நாயனாரும் சங்க நக்கீரரும் வேறு வேறானவர்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. கதை இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

தூர்ஜடியின் மற்றொரு நூலான 'காளஹஸ்தீஸ்வர சதகம்' முற்றிலும் வேறு குரலில் ஒலிப்பது. அரசர்களுக்கு ஊழியம் செய்யும் வாழ்வின் மீதான கசப்பை, அரசவை அறிந்த ஒருவரே இறைவனிடம் சொல்லி முறையிடும் பாடல்கள் அவை. தெலுங்கு தெரியாதோர் ஹாங்க் ஹைஃபெட்ஸும் வெல்செரு நாராயண ராவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்கலாம். 1987-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. இந்த வரிசையில் ஒரே ஒரு நூலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்பவருக்கு, பெரியபுராணத்தை ஏற்கெனவே அறிந்தவராயின், இதையே பரிந்துரைக்கலாம்.

கல்லும் கோபுரமும்: கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். இன்று காணப்படுவது புதிதாகக் கட்டப்பட்டு 2017-இல் குடமுழுக்குக் கண்ட கோபுரம். அந்த மன்னரின் காலத்தை அறிய ராபர்ட் சூவெல் 1900-இல் எழுதிய 'எ ஃபர்காட்டன் எம்பயர்' இன்றும் சுவையான வாசிப்பு. பயஸ், நூனிஸ் ஆகிய போர்ச்சுகீசியரின் நேரடிக் குறிப்புகள் அதில் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. சூவெலின் சில முடிவுகளைப் பிற்கால ஆய்வுகள் மறுத்துள்ளன. பயணக் குறிப்புகளுக்காகவே அதைப் படிக்கலாம்.

சோழர் வரலாற்றிலும் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. முதலாம் ஆதித்த சோழன் இறந்தது காளஹஸ்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாற்றூரில். அங்கு அவனுடைய நினைவாக மகன் முதலாம் பராந்தகன் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கோயிலையும் பார்த்து வருவது நல்ல பயணத் திட்டம். தரிசன வரிசையில் நிற்பதை விடக் கூட்டம் மிகக் குறைவு.

சென்னைவாசிகளுக்கு மற்றொரு நூல். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு இடம் வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயராலேயே சென்னப்பட்டினம் அமைந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். பிற்காலக் காளஹஸ்தி ஜமீன் குடும்பமும் தாமர்ல மரபினதே. எச்.டி.லவ் 1913-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்' முதல் தொகுதியில் இவ்விவரங்கள் ஆவணங்களுடன் உள்ளன.

எல்லை யாருடையது?: 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. திருப்பதி, காளஹஸ்தி, திருத்தணி உள்ளிட்ட பகுதிகளைக் கேட்டு ம.பொ.சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் பரிந்துரையைத் தொடர்ந்து 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, காளஹஸ்தி திரும்பவில்லை. ம.பொ.சி.யின் தன்வரலாறான 'எனது போராட்டம்' இக்காலத்தை உள்ளிருந்தே சொல்கிறது.

இந்நூலை ஓர் எச்சரிக்கையுடன்தான் பரிந்துரைக்க வேண்டும். இது களத்தில் நின்ற ஒரு தரப்பின் குரல். எதிர்த்தரப்பில் சென்னை நகருக்கும் உரிமை கோரியவர்கள் இருந்தனர். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநிலையில் உயிர் நீத்ததும் சென்னையில்தான். ம.பொ.சி.யைப் படித்த கையோடு தூர்ஜடியையும் படித்தால், எல்லைக்கோடு வரைவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பது தானே விளங்கும். கோயிலில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தெலுங்குக் காவியமும் இதே மண்ணில்தான் பிறந்தது.

மூங்கில் குச்சி ஓவியம்: காளஹஸ்தியின் கலம்காரி, மசூலிப்பட்டினத்தைப் போல அச்சுக்கட்டையால் பதிக்கப்படுவதன்று, மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி, கையால் வரையப்படுவது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பர். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் புளிக்கவைத்துக் கறுப்பு மையைப் பெறுவர். அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கருமையாகப் பிடித்துக்கொள்ளும். சிவப்புக்குப் படிகாரம் இட்டு வேர்ச்சாயத்தில் காய்ச்சுவர். நலிந்திருந்த இக்கலையை 1950-களின் பிற்பகுதியில் இங்குப் பயிற்சி மையம் அமையச் செய்து மீட்டவர் கமலாதேவி சட்டோபாத்யாய். அவருடைய தன்வரலாறு 1986-இல் வெளிவந்தது. கலையின் நுட்பங்களுக்கு லோத்திகா வரதராஜன் 1982-இல் எழுதிய தென்னிந்தியக் கலம்காரி மரபுகள் குறித்த ஆங்கில நூல் சிறந்தது. கருப்பூர்க் கலம்காரி போன்ற தஞ்சைப் பகுதி மரபை அறிந்தோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்கே கிடைக்கும்?: பெரியபுராணமும் தேவாரமும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் இணைய நூலகங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சூவெல், லவ் ஆகியோரின் நூல்கள் பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் அவற்றின் மின்படிகளை இணைய ஆவணக் காப்பகத்தில் பெறலாம். பிறவற்றுக்குக் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் முயன்று பார்க்கலாம்.

நேரம் குறைவாக உள்ளவர்கள், சென்னையிலிருந்து ரயிலில் செல்லும்போது இரண்டு திருமறங்களை மட்டும் கைப்பேசியில் படித்து முடிக்கலாம். இறங்கியதும் ஊரை ஒட்டி நிற்கும் கண்ணப்பர் மலைக்கு முதலில் ஏறிவிட்டு, பிறகு கோயிலுக்குள் செல்வது நல்லது. வெயில் ஏறுவதற்குள் படிகளைக் கடந்துவிட முடியும்.